புஷ்பவதி மலைக்கு வைத்த நேர்த்தி

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் புஷ்பவதியை அறிந்தவர்கள் அவளை நேர்த்திக்காரி என்றுதான் சொல்வார்கள். கேலிக்கு வைத்த பட்டம்தான், ஆனால் பொய்ப் பட்டம் இல்லை. பஸ் பிந்தினால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். அகதி வழக்கு விசாரணை என்றால் அம்மனுக்கு ஒரு சேலை. மேல்வீட்டுக் கிரேக்கக் கிழவிக்குக் காய்ச்சல் வந்தபோது, அவளுடைய சாமி யாரென்று தெரியாத காரணத்தால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கட்டி கற்பூரம். சந்தையில் மரக்கறி வாங்குகிறவள் மாதிரித்தான் கடவுளோடு அவள் கதை: நீ இதைத் தா, நான் அதைத் தருகிறேன். ஒரேயொரு சட்டம் மட்டும் உண்டு. வைத்த நேர்த்தியை இடையில் விடக்கூடாது. விட்டால் அது வைத்தவள் தலையில் விடியாது. யாருக்காக வைத்தாளோ அந்த ஆளின் தலையில் விடியும்.

ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஆண்களின் சட்டைக்குக் கொலர் தைப்பாள். கொலரின் முனையில் ஊசி திரும்புகிற இடம்தான் கஷ்டம். அங்கே கை நடுங்கினால் சட்டை முழுவதும் பாழ். அவள் கை நடுங்கியதில்லை. கணவன் நகுலேஸ்வரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினான். ஒரே மகன் கஜீவன் யாழ்ப்பாணத்தில் மாமியாரோடு இருந்தான். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் புறப்பட்டபோது, கூட்டிக்கொண்டு போகிற ஏஜென்சிக்காரன் பிள்ளையைக் கூட்டிவந்தால் வழியில் எல்லாரும் பிடிபடுவார்கள் என்று சொல்லிவிட்டான். போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்றும் அவனே சொன்னான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு. கடைசியாக வந்த படத்தில் வயதுக்கு மீறிய உயரமாக நின்றான். அந்த உயரத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். அங்கே உயரமான பெடியன்களைத்தான் ஆமிக்காரர், இயக்கக்காரர் எல்லாருடைய கண்ணும் முதலில் தேடும்.

கந்தசஷ்டி விரதம் இருந்து பாறணை பண்ணின கை காயவில்லை. இங்கே கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்று ஆட்கள் பெட்டியில் சீட்டுப் போட்ட அதே திங்கட்கிழமை, அங்கே யாழ்ப்பாணம் முழுவதும் மூட்டையைத் தலையில் தூக்கியது. ஆமி வருகிறது, எல்லாரும் வெளிக்கிடுங்கள் என்று இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். மழை. ஒரே ஒரு பாலம். லட்சக்கணக்கான சனம். மொன்றியலில் தொலைக்காட்சி முழுக்க வாக்கு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை கொழும்பிலிருந்து போன் வந்தது. பத்திநாதர் என்கிற பழைய அயலவர், ஒரு பாதிரியார் மூலம் கிடைத்த சேதியைச் சொன்னார்.

"பிள்ளை, கிழவி சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்திட்டா. பெடியன் நாவற்குழிப் பாலத்தடியிலை சனத்துக்குள்ளை கையை விட்டிட்டானாம். தேடுகினம். யோசிக்காதையுங்கோ."

யோசிக்காதையுங்கோ என்று சொல்லிவிட்டு மனுசன் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. நகுலேஸ்வரன் லீவு போட்டுவிட்டு போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். புஷ்பவதி வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் அந்தப் பாலத்தடித் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது. பிள்ளைக்கு நீந்தத் தெரியாது.

தொழிற்சாலையில் அடுத்த மெஷினில் லாம் என்றொரு சீன மனுசி. வியட்நாமில் பிறந்து வளர்ந்த சீனத்தி. அங்கே சண்டை முடிந்த பிறகு படகேறி வந்தவள். அறுபது தாண்டியவள். புஷ்பவதிக்கு அவள் லாம் அக்கா. இருவரும் பேசிக்கொள்வது பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், மிச்சம் கைச்சாடை. ஆனாலும் ஒருவருடைய வீட்டுச் சங்கதி மற்றவருக்கு ஓரளவு தெரியும். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புஷ்பவதி சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் இருந்ததைக் கண்டு லாம் அக்கா என்ன என்று கேட்டாள். புஷ்பவதி சொன்னாள்: பாலம், சனம், மகன், கை விட்டுப்போச்சு. சொல்ல நாலே சொல்தான் தேவைப்பட்டது.

லாம் அக்கா தன் சோற்றுப் பெட்டியையும் மூடி வைத்தாள். பிறகு ஒரு கதை சொன்னாள். முன்னொரு காலத்தில் ஒருவனிடம் ஒரு ஞானி வந்து, ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்குப் பெரிய ஆபத்து வரும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு மலையில் ஏறிவிடு என்றான். அவனும் ஏறினான். பொழுதுபட இறங்கி வந்து பார்த்தால் வீட்டில் கோழி, ஆடு, நாய் எல்லாம் செத்துக் கிடந்தன. மனிதருக்கு வந்ததை அவை வாங்கிக்கொண்டன. அன்றுமுதல் அந்த நாளில் சீனச் சனம் மலை ஏறும். இந்த வருடம் அது நேற்று வந்து போய்விட்டது. வேலைநாள் என்பதால் தான் ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொன்னாள்.

"நீயும் வா. பூ கொண்டுவா. மஞ்சள் செவ்வந்தி."

"அங்கே என்ன செய்வீர்கள்?"

"ஊதுபத்தி கொளுத்துவோம். பழம் வைப்போம், சாப்பாடு வைப்போம். கும்பிடுவோம்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். மலை, பெருநாள், பூ, பழம், ஊதுபத்தி, கும்பிடு. இதைக் கேட்டு எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கோயில் தவிர வேறு ஞாபகம் வரும்? மொன்றியல் மலையின் உச்சியில் பெரிய சிலுவை நிற்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் எங்கோ சீனருக்கும் ஒரு கோயில் இருக்கிறது போலும் என்று முடிவுகட்டினாள். லாம் அக்கா எதையும் ஒளிக்கவில்லை. அவளுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை. பொங்கலுக்கு வாருங்கள் என்று கூப்பிடும்போது அடுப்பைப் பற்றி நாம் விளக்கம் சொல்கிறோமா?

அன்றைக்கே மெஷினுக்கு முன்னால் இருந்துகொண்டு புஷ்பவதி நேர்த்தி வைத்தாள். சீனத்துச் சாமி, உன் பேர் எனக்குத் தெரியாது. பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வெறுங்காலோடு ஏறி வருகிறேன். இவர்கள் உன்னைக் கும்பிடுகிற இடத்தில் என் கையால் கட்டின மாலையைப் போடுகிறேன். பிள்ளையைத் தா.

ஞாயிறு காலை அவள் முழுகி, சேலையுடுத்து, அதன்மேல் குளிருக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மாலையை எடுத்தபோது நகுலேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உமக்கு விசரே? பிள்ளையைக் காணேல்லை எண்டு இஞ்சை நெருப்பிலை நிக்கிறம். நீர் சீனத்தியோடை மலை பாக்கப் போறீரோ?"

"மலை பாக்கப் போகேல்லை. நேர்த்தி வைச்சிட்டன்."

"எங்கடை சாமியளுக்கு வைச்சதெல்லாம் காணாதோ?"

"அவையள் ஒருத்தரும் இன்னும் வாய் திறக்கேல்லையே. இஞ்சேருங்கோ, போன் வரும், எங்கையும் எழும்பிப் போயிடாதையுங்கோ."

"நான் எங்கை போறன்," என்றான் அவன். கோபம் அதற்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. அழக்கூடாது என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்த வாரம் அது.

பார்க் அவெனியூவில் பஸ்ஸில் போய், சிறகு விரித்த பெண் சிலை நிற்கிற இடத்தில் இறங்கினாள். விளக்குக் கம்பங்களில் வாக்கெடுப்புத் தட்டிகள் இன்னும் தொங்கின. லாம் அக்கா கறுப்புக் கோட்டும் ஒரு பெரிய துணிப்பையுமாக நின்றாள். மகள் வான்கூவரில்; கூட வர வேறு ஆளில்லை. புஷ்பவதி சிலைக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றி அதற்குள் திணித்துப் பைக்குள் வைத்தாள்.

"உன் சப்பாத்து?" என்று லாம் அக்கா கேட்டாள்.

"சாமிக்கு."

லாம் அக்கா அவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். சாமிக்காக மனிதர் செய்கிற காரியங்களை அவளும் பார்த்திருப்பாள்.

நவம்பர் மாதத்து மொன்றியலில் வெறுங்காலோடு மலை ஏறுவது என்பதை யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். பனி இன்னும் விழவில்லை, ஆனால் முதல்நாள் மழை சரளைக்கல் இடுக்கில் உறைந்து கிடந்தது. உதிர்ந்த இலைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மிதித்த பிறகுதான் தெரியும். முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, அதன்பிறகு பாதம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டது. தகப்பன் அதன் தலையை மறுபக்கம் திருப்பிவிட்டான்.

அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மகனோடுதான் பேசிக்கொண்டு போனாள். அம்மா ஏறிக்கொண்டிருக்கிறேன் கஜீவன், நீ ஓரமாக நில், தண்ணீர்ப் பக்கம் போகாதே, யார் கூப்பிட்டாலும் போகாதே, அப்பம்மாவைத் தேடி நீ அலையாதே, நின்ற இடத்தில் நில். ஒரு தாய் எத்தனை வருடத்துப் புத்திமதியை ஒரு மலைக்குள் சொல்லி முடிக்க முடியும்? நாக்கு வறண்டது. தண்ணீர்ப் போத்தலை நீட்டிய லாம் அக்காவிடம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சிலுவையைத் தாண்டினார்கள். கோயிலைக் காணவில்லை. பாதை மலையின் மறுபக்கச் சரிவில் இறங்கியது. ஒரு இரும்புக் கேற். அதைக் கடந்து மரங்களுக்குள் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் கற்களைக் கண்டாள். வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாவற்றிலும் சீன எழுத்து. அங்கங்கே குடும்பங்கள் நின்றன. ஒரு தகர வாளிக்குள் யாரோ காகிதம் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லுக்கு முன்னால் பன்றி இறைச்சியும் தோடம்பழமும் படைத்திருந்தது.

சுடலை.

புஷ்பவதி தன் தகப்பனார் செத்தபோதுகூட வீட்டுப் படலையோடு நின்றவள். எங்கள் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பிரேதம் போன தெருவில் தண்ணீர் தெளிக்காமல் கால் வைக்காத வீட்டில் வளர்ந்தவள், முழுகி விரதம் இருந்து, பிள்ளையின் உயிருக்காக வைத்த மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு பிணங்களுக்கு நடுவில் நின்றாள். மாலையும் கையுமாக வந்து சேர் என்று யாரோ கூப்பிட்ட இடம் இது என்று நினைத்தாள். இதைவிட வெளிச்சமாக ஒரு சகுனம் வர முடியாது. பிள்ளை போய்விட்டான், அதைச் சொல்லத்தான் இங்கே வரவழைத்திருக்கிறார்கள்.

அவள் திரும்பி ஓடினாள். கேற் வரைக்கும் ஓடி, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்கு அப்பால் போக முடியவில்லை. சட்டம் அவள் போட்ட சட்டம்தான். இவர்கள் கும்பிடுகிற இடத்தில் மாலை போடுகிறேன் என்று சொன்னாள். அந்த இடம் இது. போடாமல் போனால் அது அவன் தலையில் விடியும். போட்டால், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வைத்த மாலையைச் செத்தவர்களுக்குப் போட்டவள் ஆவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கழுத்தில்தான் கத்தி. இப்படி ஒரு பொறியை ஒரு எதிரிகூட அவளுக்கு வைத்திருக்க மாட்டான், அவளே வைத்துக்கொண்டாள். கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஒரு வாரத்து அழுகை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கால் தானாகத் திரும்பி உள்ளே நடந்தது.

லாம் அக்கா ஒரு கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் அவித்த கோழி, தோடம்பழம், சோறு, தேத்தண்ணீர். கல்லின் நடுவில் பெரிய எழுத்துகள் தங்க நிறத்தில்; அது லாம் அக்காவின் புருஷன் பெயர். ஓரத்தில் சின்னதாக மூன்று பெயர்கள், சிவப்பு நிறத்தில். அவற்றில் ஒன்று மற்ற இரண்டையும்விட வெளிறியிருந்தது. பைக்குள்ளிருந்து மெல்லிய தூரிகை ஒன்றையும் சின்னப் போத்தலில் தங்க மையையும் எடுத்தாள். தூரிகையைத் தோய்த்து அந்த வெளிறிய பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை நடுநடுங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். மெஷினில் என்றால் துணி கையைப் பிடித்துக்கொள்ளும், கல் பிடித்துக்கொள்ளவில்லை.

"நீ எழுது," என்றாள். "உன் கை நல்ல கை. அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"இது யார்?"

"என் மகன். இரண்டு படகு. நாங்கள் முதல் படகில். இவன் சித்தப்பாவோடு இரண்டாவது படகில். இரண்டாவது வரவில்லை." பிறகு நிறங்களைக் காட்டிச் சொன்னாள். "எங்கள் வழக்கம். சிவப்பு, உயிரோடு இருக்கிறவருக்கு; மற்ற இரண்டும் நானும் மகளும். தங்கம், செத்தவருக்கு. கல் வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் வந்து இவனுக்குச் சிவப்பு அடித்தேன். போன வருடம் மட்டும் அடிக்காமல் போய்விட்டேன். இந்த வருடம் தங்கம்."

புஷ்பவதி இரண்டடி பின்னால் போனாள். "ஏலாது அக்கா," என்று தமிழில் சொன்னாள். பிறகு இருவரும் பேசுகிற கலப்புப் பாஷையில் கேட்டாள். "உயிரோடு இருந்தால்?"

"இருந்தால் இன்றைக்கு நான் அவனைக் கொல்கிறேன்." லாம் அக்கா தூரிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "செத்திருந்தால்? சிவப்புப் பேருக்கு யாரும் சோறு வைக்கமாட்டார்கள். பதினேழு வருடம் பசி. தகப்பனுக்கு முன்னால் கோழி வைக்கிறேன். இவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கும் வயது போகிறது. எனக்குப் பிறகு யார் வைப்பார்கள்?"

இதைப் புஷ்பவதிக்கு விளக்க வேண்டியதில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் விட்ட ஆத்மா வாசலில் தவிச்சு நிற்கும் என்று நம்புகிற ஊரில் பிறந்தவள் அவள். காணாமல்போன பிள்ளைக்குத் தாய் செய்கிற துரோகம் இரண்டு விதம். காத்திருப்பது ஒன்று, காத்திருக்காமல் விடுவது மற்றது. இதில் எது பெரிது என்று தெரிந்துகொள்ளத்தான் லாம் அக்காவுக்குப் பதினேழு வருடம் போயிருக்கிறது.

அப்போதுதான் புஷ்பவதிக்கு அந்த நினைப்பு வந்தது. மனிதருக்கு வந்ததைக் கோழியும் ஆடும் வாங்கிக்கொண்டன. ஒன்று போனால்தான் ஒன்று மிஞ்சும் என்பதுதானே அந்தக் கதை. இது அவளுக்கு நன்றாகப் பழகிய வியாபாரம்.

அவள் கை நீட்டித் தூரிகையை வாங்கினாள்.

குளிர்ந்த மண்ணில் முழந்தாளிட்டு எழுதினாள். கல்லில் வெட்டின பள்ளத்துக்குள் மையை விட்டு, திரும்புகிற இடங்களில் கொலர் முனையைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பினாள். வாசிக்கத் தெரியாத எழுத்து. ஒரு பொட்டு மை வெளியே போகவில்லை. கை நடுங்கவும் இல்லை, ஏனென்றால் அவள் மனம் அந்த நேரத்தில் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இவனை எடுத்துக்கொள், என்ரை பிள்ளையை விடு. இவனை எடுத்துக்கொள், என்ரை பிள்ளையை விடு. அவளைப் பாவி என்று சொல்ல நினைக்கிறவர்கள் முதலில் அந்த போனுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

முடித்ததும் மாலையைக் கல்லின் தலையில் போட்டாள். நேர்த்தி நிறைவேறியது. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதியும் வரவில்லை, கொலை செய்த ஆளின் படபடப்புத்தான் வந்தது.

லாம் அக்கா எழுத்தை நெடுநேரம் பார்த்தாள். தலை குனிந்து புஷ்பவதியைக் கும்பிட்டாள். அழவில்லை. பைக்குள்ளிருந்து இன்னொரு கிண்ணம் எடுத்துச் சோறு போட்டு, கோழியின் தொடையைப் பிய்த்து அதன்மேல் வைத்து, ஒரு சோடி குச்சியை மகன் பெயருக்கு நேராக வைத்தாள். வீட்டுக்குப் பிந்தி வந்த பிள்ளையை அதட்டுகிற குரலில் ஏதோ சொன்னாள். சாப்பிடு என்றுதான் இருக்க வேண்டும். பிறகு புஷ்பவதி பக்கம் திரும்பினாள்.

"உன் மகன் பேர் என்ன? சரியாகச் சொல்."

"எதற்கு?"

"இவன் இனி அந்தப் பக்கத்து ஆள். இவனுக்குத் தொலைந்துபோகிற வழி எல்லாம் தெரியும். போய்த் தேடச் சொல்கிறேன். உன் மகன் அந்தப் பக்கம் வந்துவிட்டால் திருப்பித் துரத்தச் சொல்கிறேன். பாலத்தில் நின்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடச் சொல்கிறேன். இவனுக்கு நான் சொல்கிற முதல் வேலை. நல்ல பிள்ளை, அம்மா சொன்னால் கேட்பான்."

புஷ்பவதி கல்லையும் கிண்ணத்துச் சோற்றையும் பார்த்தாள். தான் சற்று முன்னால் விற்ற பிள்ளையைத் தாய்க்காரி எழுப்பி, சாப்பாடு கொடுத்து, தன் பிள்ளையைத் தேட அனுப்புகிறாள். "அக்கா, நான்..." என்று தொடங்கினாள். நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பிரெஞ்சிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. தமிழிலும் அதைச் சொல்ல வாய் கூசியது. லாம் அக்கா பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சுடலையில் நின்று உயிருள்ள பிள்ளையின் பெயரை உச்சரிக்கக்கூடாது. அதுவும் செத்தவனின் காதில் போடவே கூடாது. அது அவளுக்குத் தெரியும்.

"கஜீவன்," என்றாள்.

லாம் அக்கா கல்லுக்குக் கிட்டக் குனிந்து தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் அந்தப் பெயர் வந்தது, ஆனால் உடைந்து வந்தது. புஷ்பவதி பக்கத்தில் முழந்தாளிட்டுத் திருத்தினாள். மறுபடியும் பிழைத்தது. மறுபடியும் திருத்தினாள், முதலில் மெல்லிய குரலில், பிறகு சத்தமாக. அடுத்த கல்லடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் லாம் அக்காவின் வாயில் பெயர் சரியாக வந்தது. தேடப் போகிற பெடியன் பிழையாகக் கேட்டு வேறு பிள்ளையைத் தேடிக்கொண்டு போய்விடக்கூடாது என்று, இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னொரு தரம் சொன்னார்கள்.